குழாய் ஓரத்துக் கணக்கு

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம். நான் நாசரேத்தில் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அவருக்குத் துறைமுகத்துக் கம்பியில்லாத் தந்தி அறையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. வீட்டிலும் அதே பேச்சுத்தான்.

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர்களை அளக்க அங்கே ஒரு பெட்டி இருந்தது. யாரோ அதை ஒருமுறை கீழே போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அது காட்டும் அளவை ஒருவரும் நம்புவதில்லை. அதைச் சோதிக்க இவர் ஒரு வழி சொன்னார். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை, தொடாமல், நடுவாக நிறுத்தினால் அதுவே ஒரு கண்டன்சர். நீளமும் விட்டமும் தெரிந்தால் போதும், அதன் அளவைக் கணக்கே சொல்லிவிடும்.

பழைய கப்பல் சாமான் கடையில் உடைந்த தொலைநோக்கி ஒன்று கிடைத்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பித்தளைக் குழாய். நடுக் குழாயைக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டிலும் ஆறு அங்குலம் அறுத்துத் தரச் சொன்னார்.

“தம்பி, இது தூரத்துல வார கப்பலப் பாக்கதுக்கு உள்ளது,” என்றார் கடை அண்ணாச்சி, மனம் நொந்து. “இதப் போயி அறுக்கச் சொல்லுதீங்களே!”

உள்குழாயைக் கட்டித் தொங்கவிட என் கல்யாணப் பட்டின் ஓரத்திலிருந்து நூல் உருவினார். பட்டில் மின்சாரம் பாயாது என்பதற்கு நீண்ட விளக்கம் கொடுத்தார். என்னைக் கேட்காமல் உருவியதற்கு மட்டும் விளக்கம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும், அனுமதி வாங்கி எடுத்து வந்திருந்த பெட்டியை மேஜையில் வைத்தார். காதில் மாட்டும் கருவியில் ஒரு ரீங்காரம் கேட்கும். குமிழைத் திருகி, ரீங்காரம் அடங்கும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். பாடகர் குழுவில் பாடுகிறவள் என்று என்னைக் கேட்க வைத்தார். வெறும் கம்பிகளை மாட்டியபோது பெட்டி சரியாகச் சுழியில் நின்றது. குழாய்களை மாட்டினோம். கணக்கு இருபத்தொன்று என்றது. பெட்டி இருபத்து மூன்று என்றது.

“ஏளா, நேத்து தலைக்குக் குளிச்சல்லா? காதுல தண்ணி நிக்கி.”

“காதுல ஒண்ணும் இல்ல. நீங்களே கேளுங்க.”

கேட்டார். இருபத்து மூன்றுதான். உடனே, பெட்டி கெட்டுவிட்டது என்று அதிகாரிக்கு எழுத உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுதிக்கொண்டிருக்கையில் அவருடைய புத்தகத்தைப் புரட்டினேன். சூத்திரத்துக்கு மேலே சிறிய எழுத்தில் ஒரு வரி: குழாய் மிக நீளமாக இருந்தால் மட்டும். பள்ளியில் என் பிள்ளைகளும் அப்படிப்பட்ட வரியைத்தான் தாண்டிப் போவார்கள்.

“ஏங்க, குழாய் எங்கன முடியுதுன்னு இந்தச் சூத்திரத்துக்குத் தெரியுமா?”

“என்ன கேள்வி இது?”

“முடியுத எடத்துல மின்சாரத்தோட இழுப்பு கத்தியால அறுத்த மாதிரியா நிக்கும்? ரெண்டு முனையிலயும் கொஞ்சம் வெளிய பிதுங்காதா? பிதுங்கினா அளவு கூடத்தானே செய்யும்?”

பேனாவைக் கீழே வைத்தார்.

“மிச்சக் குழாய்ல ரெண்டு அங்குலம் அறுத்துத் தாங்க. குழாய் குட்டையானாலும் முனை ரெண்டுதான. நான் சொல்லுதது சரின்னா, அதே அளவுதான் கூடணும்.”

முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். மறுபடியும் என் பட்டில் நூல் உருவினார்; இந்த முறை கேட்டுவிட்டு. கணக்கு ஏழு. நான் காதில் மாட்டிக்கொண்டு குமிழைத் திருகினேன். ஒன்பதில் ரீங்காரம் அடங்கியது. அங்கேயும் இரண்டு, இங்கேயும் இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் ஓரத்தில் பிதுங்கியது அடிபட்டுப்போகும். கணக்கிலும் பதினான்கு, பெட்டியிலும் பதினான்கு. பெட்டி நல்ல பெட்டிதான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அதிகாரி என்னையும் வரச் சொன்னார். நடந்ததை இவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஓரத்து விஷயத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். அதிகாரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது இவர் எனக்கு முன்னால் நடந்தார். உப்பு மூட்டை வண்டிகளைத் தாண்டியதும் நின்றார்.

“நீ சொன்னதுல ஒரு தப்பு இருக்கு.”

“என்ன தப்பு?”

“தேடிக்கிட்டு இருக்கேன்,” என்றார்.