எலுமிச்சைக்கு வாய் எங்க இருக்கு

எங்க வீட்டு எலுமிச்ச மரத்துக்கு எப்படித் தண்ணி ஊத்தணும்னு எங்க வீட்டுக்காரருக்கு நான் போன்லதான் சொல்லிக் கொடுத்தேன். நேர்ல இருந்திருந்தா வாளியப் பிடுங்கி நானே ஊத்தியிருப்பேன். கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு அருப்புக்கோட்டையில இருக்குற வாளிய எப்படிப் பிடுங்குறது?

மகளுக்கு முதப் பிரசவம். முறைப்படி எங்க வீட்டுலதான் பாக்கணும். ஆனா பஸ்ஸு காரு எதுலயும் ஏறக்கூடாது, படுத்தே கெடக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதனால மாசி மாசமே நான் பையத் தூக்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டேன். கெளம்புறப்ப இவருக்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "நீங்க பொங்கித் திங்கிறீகளோ, கடையில வாங்கித் திங்கிறீகளோ, அது உங்க பாடு. நான் பேரப்பிள்ளையோட வரும்போது மரம் உசுரோட இருக்கணும்."

"நாக்பூர் வரைக்கும் லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டு வந்தவன் நான். ஒத்த மரத்தப் பாத்துக்க மாட்டனா?"ன்னாரு.

அதுலதான் எனக்குப் பயமே. இவரு லாரி டிரைவரா இருந்தவரு. முழங்கால் தேஞ்சு, கிளச்ச மிதிக்க முடியாமப் போன பிறகுதான் வண்டிய விட்டு எறங்குனாரு. அதுவரைக்கும் வாழ்க்கையில அவரு தண்ணி ஊத்திக் காப்பாத்துனது ரேடியேட்டர் ஒண்ணத்தான்.

ஒரு மரத்து மேல எனக்கு ஏன் இவ்வளவு உசுருன்னு சொல்லிடறேன். வெளியூருக்குக் கெளம்புற வண்டிக்கு டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வச்சு, அது மேல ஏத்திட்டுப் போறது ஊரு உலகத்துல உள்ளதுதான். ஆரம்பத்துல நானும் கடையில வாங்கித்தான் வச்சேன். ஒரு தடவ அவசரத்துல வாங்குன பழத்துல ஒண்ணு அழுகல். அந்தப் பயணத்துலதான் வண்டி ரோட்ட விட்டு எறங்கி ஓடையில சாஞ்சுருச்சு. இவருக்குக் கையில ஒரு சிராய்ப்போட போச்சு. பிரேக்கு பிடிக்கலன்னு இவரு சொன்னாரு. பிரேக்காவது மண்ணாவது, அந்த அழுகுன பழம்தான் காரணம்னு நான் முடிவு பண்ணிட்டேன். அந்த வாரமே பந்தல்குடி ரோட்டுல ஒரு நர்சரியில எலுமிச்சங்கன்னு வாங்கிட்டு வந்து வாசப் பக்கம் வச்சேன். அது காய்க்க ஆரம்பிச்ச பிறகு இவரு வண்டி கடைப்பழத்துல ஏறுனதே கெடையாது.

இவரு சிரிப்பாரு. "எலுமிச்சம்பழமா வண்டி ஓட்டுது? நான்ல ஓட்டுறேன்"ம்பாரு. சிரிச்சாலும் பழத்து மேல ஏத்திட்டுத்தான் போவாரு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்ல, அந்தப் பயம்.

இப்ப என் ஆசை என்னன்னா, பொறக்கப்போற பிள்ள எங்க வீட்டுல அஞ்சாறு மாசம் இருந்துட்டு, பெறகு அவங்க அப்பா வீட்டுக்குக் கார்ல போகும். எங்க வீட்டுக்கு வர்றது ரயிலு, கார்ல தூரம் போறது பிள்ளைக்கு அதுதான் முதத் தடவ. அந்தக் காரோட நாலு டயருக்கும் எங்க மரத்துப் பழம்தான் வைக்கணும். மகக்கிட்டச் சொன்னேன். "அம்மா, நீ முதல்ல என்னயப் பாரு"ன்னு சலிச்சுக்கிட்டா. அவளையும் பாத்தேன், மரத்தையும் பாத்தேன். அவள நேர்ல, மரத்த வீடியோ கால்ல.

போன புதுசுல இவரு போன் பண்ணி, "காலையில ஃபுல் டேங்கு, மத்தியானம் ஃபுல் டேங்கு"ன்னு பெருமையாச் சொல்லுவாரு. நானும், சரி, மனுசன் ஊத்துறாரேன்னு நெனச்சேன். என்ன ஊத்துனாரு, எங்க ஊத்துனாருன்னு கேக்காம விட்டது என் கெட்ட நேரம். பத்து நாள் கழிச்சு வீடியோ கால்ல மரத்தக் காட்டச் சொன்னேன். இவரு முதல்ல தன் மூஞ்சியக் காட்டுனாரு. பிறகு கேட்டக் காட்டுனாரு. பிறகு தூரத்துல இருந்து மரத்தக் காட்டுனாரு. இலையெல்லாம் மஞ்சளு.

"என்னங்க இது, இலை பழுத்துக் கெடக்கு?"

"ஆமா, பழுக்குது. இலை பழுத்தா அடுத்து பழமும் பழுக்கும்ல?"

இந்த மனுசனோட நான் இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். பல்லக் கடிச்சுக்கிட்டு வச்சுட்டேன். ஒடனே பக்கத்து வீட்டு மதினிக்குப் போன் போட்டேன். மதினி தெனம் காலையில கோயில் பூசைக்கு எங்க கேட்டத் தாண்டித்தான் போவாங்க, எதுவும் அவங்க கண்ணுக்குத் தப்பாது. "அண்ணன் உச்சி வெயில்ல மோட்டாரப் போட்டு, டியூப மரத்து அடித்தூருல சொருகிட்டுக் கட்டில்ல படுத்துக்கிறாக. மரம் தொட்டிக்குள்ள நிக்கிது. நேத்து ஒரு தவளையக்கூடப் பாத்தேன்"னாங்க. சித்திரை வெயிலு நெருங்குற நேரத்துல, திருச்சுழி ரோட்டுல ஆடு மாடு நிழலுக்கு அலையுற நேரத்துல, எங்க வீட்டு வாசல்ல தவளை.

அன்னைக்குச் சாயங்காலம் மக தூங்குன பிறகு மாடிப்படியில உக்காந்து பாடத்த ஆரம்பிச்சேன்.

"ஏங்க, லாரிக்கு டீசல எங்க ஊத்துவீக?"

"டேங்குலதான்."

"எஞ்சின் மேல ஊத்துனா?"

"எவனாவது எஞ்சின் மேல ஊத்துவானா? கிறுக்குப் பய செய்யிற வேல."

"அந்தக் கிறுக்கு வேலயத்தான் நீங்க செஞ்சுக்கிட்டு இருக்கீக. தூரு தண்ணி குடிக்காது. மரத்துக்கு வாய் அங்க இல்ல. உச்சி நேரத்துல நெழலு எங்க வந்து முடியுதோ அங்கதான் குடிக்கிற வேரு இருக்கு. அந்த நெழலு ஓரமாச் சுத்தி வாய்க்கா மாதிரிப் பறிங்க. தூருல மண்ண மேடா அணைங்க, ஒரு சொட்டு அங்க நிக்கக்கூடாது. தூரு நனைஞ்சே கெடந்தா அழுகிப்போகும்."

மறுபக்கம் கட்டிலு கிறீச்சுன்னுச்சு. டீசல் டேங்குன்னதும் மனுசன் நிமிந்து உக்காந்துட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சரி, சூட்டோட சூடா அடுத்ததையும் கேட்டேன்.

"மலையேறி வந்து, ரேடியேட்டர் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது பச்சத் தண்ணிய ஊத்துவீகளா?"

"ஊத்துனா வெடிச்சுப் போயிரும். ஆற விடணும்."

"மண்ணும் அப்பிடித்தான். உச்சி வெயில்ல ஊத்துனா பாதித் தண்ணி சூரியனுக்குத்தான் போகும். வெயில் எறங்குன பிறகு ஊத்துங்க, இல்லாட்டி விடியல்ல ஊத்துங்க. அதையும் தெனம் ஊத்தாதீக."

"தெனம் ஊத்தாட்டி தாகம் எடுக்காதா?"ன்னாரு. பாவம், நெசமாவே அக்கறையாத்தான் கேட்டாரு.

எங்க ஊரு மண்ணு கரிசல். காஞ்சா கை உள்ள போற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்புல அப்படியே ஊத்துனா தண்ணி வேருக்கிட்ட நிக்காமப் பாதாளத்துக்குப் போயிரும். மேல கொத்திவிட்டு, வெடிப்ப மூடிட்டுத்தான் ஊத்தணும். அதே மண்ணு நனைஞ்சுட்டா லேசுல காயாது, களி மாதிரி ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும். அதுக்கு மேல ஊத்துனா வேரு மூச்சு முட்டிச் சாகும். காஞ்சாலும் இலை மஞ்சளாகும், தண்ணி கூடுனாலும் மஞ்சளாகும். இலையப் பாத்து வைத்தியம் பண்ணக்கூடாது, மண்ணப் பாக்கணும். ரெண்டு முருங்கையையும் ஒரு சப்போட்டாவையும் கொன்னுட்டுத்தான் நானே இதக் கத்துக்கிட்டேன். ஆனா இத இவருக்கு எப்படிச் சொல்றது?

"எஞ்சின் ஆயில் இருக்கா இல்லையான்னு எப்படிப் பாப்பீக?"

"கம்பிய உருவிப் பாப்பேன்."

"அதே மாதிரி ஒரு நீளக் கம்பிய நெழலு ஓரத்துல சொருகி உருவிப் பாருங்க. ஈரமண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா ஊத்தாதீக. வெறுங் கம்பியா வந்தா, அன்னைக்கு நிதானமா, ஆழத்துக்கு எறங்குற மாதிரி வயிறு நெறைய ஊத்துங்க. உப்புப் போர்த் தண்ணி வேணாம். நல்ல தண்ணி வர்ற அன்னைக்குப் பிடிச்சு வச்சு ஊத்துங்க. காஞ்ச பருத்திமாருக் குச்சி, சருகு, எது கெடைக்குதோ மண்ணு காயாம மேல மூடாக்குப் போடுங்க. தூர ஒட்டிப் போட்டுறாதீக."

"இத முதல்லயே இப்பிடிச் சொல்றதுக்கென்ன?"ன்னாரு. தப்பு என் மேலயாம்.

மறுநாளே பழைய டூல்ஸ் பெட்டியில இருந்து ஒரு கம்பிய எடுத்து, அதுல கோடு போட்டு, முனையில துணியச் சுத்தி, ஈரம் பாக்கச் சொந்தமா ஒரு கேஜு செஞ்சுட்டாரு. தெனம் காலையில உருவிப் பாத்து எனக்குப் போட்டோ அனுப்புவாரு. மண்ணு ஒட்டுன கம்பி போட்டோ. மருமகன் வீட்டுச் சொந்தக்காரங்க, "என்ன சம்மந்தியம்மா, யாரு கம்பி அனுப்புறது"ன்னு கேக்குற அளவுக்கு ஆகிப்போச்சு.

அந்த ஈரம் காய ரொம்ப நாள் எடுத்துச்சு. வெறுங் கம்பியா வந்த அன்னைக்குத்தான் மகளுக்கு வலி எடுத்துருச்சு. இவரு அனுப்புன போட்டோவ நான் பாக்கல. ஆசுபத்திரியில அங்கயும் இங்கயும் அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். பேத்தி பொறந்தா. சேதி கேட்டதும் இவரும் கம்பிய மறந்துட்டு, வேட்டியக் கட்டிக்கிட்டு பஸ்ஸேறி வந்துட்டாரு. பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு, மரம்ங்கிற வார்த்தையே இல்லாம ரெண்டு வாரம் இருந்துட்டுத்தான் ஊருக்குப் போனாரு. போனவரு போன் பண்ணி, "இலை பாதி கொட்டிருச்சு புள்ள"ன்னாரு.

எனக்குக் கோபமே வரல, அழுகதான் வந்துச்சு. பேத்திக்கு நல்லது நடக்கும்போது மரம் போனா என்னன்னு ஒரு மனசு சொல்லுச்சு. இன்னொரு மனசு, அந்த ஓடையில சாஞ்ச லாரியவே காட்டிக்கிட்டு இருந்துச்சு.

வைகாசியில ஒரு கோடை மழை பெஞ்சுச்சாம். வைகாசி கடைசியில நாங்க ரயில்ல வந்து விருதுநகர்ல எறங்கி வீட்டுக்கு வந்தோம். கேட்டத் தொறக்குறதுக்கு முன்னாடியே வாசம் அடிச்சுச்சு. மரம் முழுக்கப் பூவு. இலையே தெரியாத அளவுக்கு வெள்ளையா, தேனீ மொய்க்குது. எலுமிச்சையக் கொஞ்ச நாள் காயப்போட்டுத் தண்ணி குடுத்தா இப்பிடித்தான் குபுகுபுன்னு பூக்கும். தோட்டக்காரங்க வேணும்னே செய்வாங்க. இவரு மறதியில செஞ்சதும், மழை வந்ததும் சேந்து ஒத்துப்போச்சு. ஆனா இவரு நின்ன நிலையப் பாக்கணுமே. பேத்தியக் கையில வாங்கிக்கிட்டு, "பாத்தியா, தாத்தா எஞ்சின் வேலை பாத்து வச்சிருக்கேன்"னு அதுக்கிட்டச் சொல்றாரு. நான் வாயத் தொறக்கல. நல்ல நாள்ல எதுக்கு?

அதுக்குப் பிறகு மரம் எங்கிட்ட இருந்து கை மாறிருச்சு. கம்பிய இவரேதான் சொருகுவாரு. நெழலு வளர வளர வாய்க்காலயும் தள்ளித் தள்ளிப் பறிச்சாரு. நான் வாளியத் தொட்டா, "ஏம்புள்ள, அது உனக்குத் தெரியாது"ம்பாரு. இத எங்க போய்ச் சொல்ல? காயெல்லாம் திரண்டு வந்துச்சு. ஒரு நாளு ரசத்துக்கு ஒண்ணு பறிக்கப் போனேன். ஓடி வந்து கையப் பிடிச்சுட்டாரு. "கடையில வாங்கிக்க." வீட்டு வாசல்ல மரத்த வச்சுக்கிட்டு, டவுனுல போயி எலுமிச்சம்பழம் வாங்குன ஒரே பொம்பள நானாத்தான் இருப்பேன். வயசானா இப்பிடிக் கஞ்சத்தனம் வருமோன்னு மககிட்டப் பொலம்புனேன்.

ஐப்பசி கடைசியில மருமகன் காரோட வந்தாரு. அந்த வருசம் ஐப்பசி மழையும் ஏமாத்திருச்சு, மண்ணு காஞ்சே கெடந்துச்சு. நல்ல நேரம் வெள்ளனவே இருந்ததால விடியக்காலமே கெளம்பணும். நான் முந்துன நாளே மரத்துல நல்லதா நாலு பழத்தக் கண்ணு வச்சுட்டேன். இவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பறிச்சுறணும். கையப் பிடிச்சு வம்பு பண்ணுனா, பேத்தி போற நேரத்துல எதுக்குச் சண்டைன்னுதான்.

காலையில போனா, நான் கண்ணு வச்ச நாலும் இல்ல. அந்தக் கொப்பே மொட்டையா நிக்கிது. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். இத்தன மாசம் ஒத்தப் பழம் தொட விடாத மனுசன், பேத்தி போற அன்னைக்கு எதுக்குப் பறிச்சாரு, யாருக்குக் குடுத்தாருன்னு கேட்டே தீரணும்னு வாசலுக்குப் போனேன்.

இவரு காருக்குப் பின்னாடி தரையில உக்காந்திருக்காரு. மடங்காத முழங்கால ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு, கடைசி டயருக்கு அடியில பழத்த வச்சு, நழுவாமச் சின்னக் கல்ல முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்காரு. மத்த மூணுலயும் வச்சு முடிச்சுட்டாரு. மருமகன் பக்கத்துல நின்னு, "மாமா, எதுக்குக் கஷ்டப்படுறீங்க, கார்ல ஏர்பேக் இருக்கு"ங்குறாரு.

"ஏர்பேக்கு இருக்கட்டும் மாப்ள. இது வீட்டு மரத்துப் பழம். ஏத்திட்டுப் போங்க"ன்னாரு இவரு.

நான் ஒரு கையக் குடுத்துத் தூக்கிவிட்டேன்.

காரு போயிருச்சு. பேத்தி கைய ஆட்டத் தெரியாம, எங்களையே பாத்துக்கிட்டுப் போனா. நான் வழக்கம்போல அப்படியே நின்னேன். இவரும் என் பக்கத்துல நின்னாரு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு, இவரு இந்த எடத்துல நிக்கிறது இதுதான் முதத் தடவ. எப்பவும் போறது இவரு. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி பாத்துப் போயிருவாரு.

"ஏம்புள்ள, வண்டி போன பிறகு இப்பிடித்தான் இருக்குமா?"

"எப்பிடி?"

"இந்த நசுங்குன பழமும், வாசமும், வெறும் ரோடும்."

"ஆமா. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இப்பிடித்தான் இருக்கும்"னேன்.

இவரு போயி கம்பிய எடுத்துட்டு வந்து நெழலு ஓரத்துல சொருகி உருவுனாரு, வெறுங் கம்பியா வந்துச்சு. நல்ல தண்ணிய மொண்டு மொண்டு, தூருல ஒரு சொட்டுப் படாம, சுத்தி வாய்க்கால்ல நிதானமா ஊத்துனாரு. முடிச்சுட்டு வந்து படியில உக்காந்தாரு. நானும் போன மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். போய்ச் சேந்துட்டோம்னு மக போன் பண்ற வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கல.