ஸ்காட்ச், ஐரிஷ், எலுமிச்சை ஊறுகாய்

முப்பத்தோரு ஆண்டுகளாக மது பரிமாறுகிறார். குடித்தது ஒரு சொட்டும் இல்லை. பழவங்காடிக்கு அருகே ஒரு பாரில் சப்ளையராக இருக்கும் தாணுமாலையனுக்கு விஸ்கி வாசம் மூக்கில் ஏறினாலே தும்மல் வந்துவிடும். ஆனாலும் எது நல்லது என்று எல்லோரும் கேட்பது அவரிடம்தான்.

"ஐரிஷ்தான்" என்பார் யோசிக்காமல். "ஸ்காட்ச்சுல சிலதுக்கு அடுப்புப் புகை மணம். ஐரிஷை அநேகமா மூணு தடவை வடிப்பானுவ. தொண்டைக்கே தெரியாது."

அவர் தொண்டைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவருடைய அளவுகோல் ஊறுகாய். ஸ்காட்ச் குடிப்பவர் மடக்குக்கு ஒருமுறை ஊறுகாயைத் தொடுவார். ஐரிஷ் குடிப்பவர் தொடவே மறந்துவிடுவார். இது அவர் முப்பத்தோரு ஆண்டுகள் வேடிக்கை பார்த்துக் கண்டுபிடித்தது.

போன வாரம் மாடியில் வெளிநாட்டு விஸ்கிக்குத் தனிக் கவுண்டர் தயாரானது. நின்ற இடத்திலேயே வேலை. முழங்கால் தேய்ந்துபோன தாணுமாலையனுக்கு அது கிடைக்காவிட்டால் வேலையையே விட வேண்டியதுதான். மலையாளி மேனேஜர் ஷிபு ஒரு பரீட்சை வைத்தார்: இரண்டு கிளாஸ், எது ஐரிஷ் என்று சொல்ல வேண்டும்.

"சேட்டன் குடிச்சுப் பறையணும், கேட்டோ."

"எனக்குப் பதிலா சாமி குடிப்பாரு. நான் பாத்துச் சொல்லுதேன்."

சாமி என்றால் சுந்தரராமன். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், தினமும் வருகிறவர். ஒவ்வொரு கிளாஸிலும் பாதி குடித்தார். ஊறுகாய்க் கிண்ணத்தில் விரல் படவே இல்லை.

தாணுமாலையன் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "சாமி, ஊறுகாய்?"

"பூண்டு போட்டிருக்கே! இன்னிக்கு ஏகாதசியாக்கும்."

"அப்போ விஸ்கி?"

"அரிசிதானே ஓய் ஆகாது? இது பார்லி."

"சேட்டா, பரீட்சை தோத்துப் போயல்லோ" என்று ஷிபு சிரித்தார்.

தாணுமாலையன் அரை மணி அவகாசம் கேட்டார். சாலைக் கடைத்தெருவுக்கு நொண்டிக்கொண்டே போய், பூண்டில்லாத எலுமிச்சை ஊறுகாயுடன் திரும்பினார். அதுவரை கிளாஸ்களை சாமியிடமிருந்து காப்பது ஷிபுவின் பொறுப்பாக இருந்தது.

முதல் கிளாஸ்: ஒரு மடக்கு, ஊறுகாய். இன்னொரு மடக்கு, ஊறுகாய். இரண்டாவது கிளாஸ்: மடக்கு, மடக்கு, மடக்கு. சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது ஐரிஷ்" என்றார் தாணுமாலையன்.

கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை ஷிபு பார்த்தார். சரிதான்.

"சாமிக்கு எது பிடிச்சது?" என்று ஷிபு கேட்டார்.

"ஊறுகாய்" என்றார் சுந்தரராமன்.

வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாணுமாலையன் மாடிக் கவுண்டரில் வேலையைத் தொடங்குகிறார்.