ஒரு எழுத்துதானே சார்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இதற்குக்கூடக் கோபம் வராவிட்டால் அந்த மூக்கு எதற்கு?

என்னோடு வாழும் அவன் காலையில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். மதியத்துக்கு மேல் சரித்திர நாவலாசிரியன். துடுப்புப் பிடியை எந்தக் கயிற்றால் சுற்றினார்கள் என்று தெரியாமல் ஒரு வரி எழுதமாட்டான். முதல் நான்கு நாவல்களிலும் ராஜாவின் காதலருக்குப் பெயர் வைக்காமல், 'வந்தார், சிரித்தார்' என்று மரியாதை கொடுத்தே ஒப்பேற்றினான். படித்தவர்கள் ராணி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவதில் இரண்டு படகோட்டிகள். படகோட்டிக்கு யார் 'ர்' போட்டார்கள்? 'அவன் சிரித்தான், இவனும் சிரித்தான்' என்று துணிந்து எழுதிவிட்டான். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவன் அப்பாடா என்று மூச்சுவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

புரூப் வந்தது. பதிப்பாளர் எங்களைக் கேட்காமலே ஒரு படகோட்டியைப் பெண்ணாக்கியிருந்தார். 'ன்' எல்லாம் 'ள்' ஆகியிருந்தது. 'அவள் தாடியைச் சொறிந்துகொண்டே துடுப்பை எடுத்தாள்.' எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாடி வைத்த பெண்ணை நம்புவார்களாம், இன்னொருவனைப் பார்த்துச் சிரிக்கிற ஆணை நம்பமாட்டார்களாம்.

நேரே பதிப்பகத்துக்குப் போனோம். பசை வாடையடிக்கும் மாடி அறை.

"ஒரு எழுத்துதானே சார்? தாடிய நானே எடுத்துடறேன்," என்றார் பதிப்பாளர்.

"ஒரு எழுத்துதான்னா பழையபடியே போட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"நடுவுல நீங்க யாரு?"

அவன் எப்போதும் என்னை 'நண்பர்' என்பான். ஆஸ்பத்திரியில், தங்கை கல்யாணத்தில், எங்கேயும். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று சொன்னான்: "இவர் என் வீட்டுக்காரர்."

"ஓ, ஹவுஸ் ஓனரா? ஓனருக்கு இதுல என்ன சார் வேலை?"

"ஓனர் இல்ல. உங்க வீட்டம்மா உங்கள எப்படிச் சொல்வாங்க? அந்த வீட்டுக்காரர்."

பதிப்பாளர் பேனாவை மூடினார். "அப்ப இந்தப் புத்தகம் நம்மகிட்ட வராது சார்."

"வேண்டாம்," என்று கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டான். நாவல் இன்றுவரை அச்சேறவில்லை. வேறு யாரும் தொடவும் தயாரில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் ஒரு புத்தக விழா. எல்லாம் புரிந்த அதே மனுஷர், நாலு பேர் நடுவில் என்னைக் காட்டி, "இவர் சாரோட ஹவுஸ் ஓனர்," என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்தார். என்னவன் தலை குனிந்தது.

"இல்லங்க," என்றேன். "புருஷன்."