திரும்பி வந்த பிஸ்கட் பொட்டலம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, என் மகள் கயலின் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். அவளுடைய தோழி நஸ்ரினுக்காக அலுமினியத் தாளில் சுற்றி அனுப்பிய பிஸ்கட் பொட்டலம், மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"நஸ்ரினுக்குக் குடுக்கலையா?"

"குடுத்தேன்மா. வேண்டாம்னுட்டா. இனிமே வாங்கக் கூடாதுன்னு அவ அம்மா சொல்லிட்டாவளாம். மத்தியானம் எம் பக்கத்துல உக்காரவும் இல்ல… ஜன்னலோரம் போயிட்டா."

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? அன்று அவள் பால்கூடக் குடிக்கவில்லை.

இந்தப் பிஸ்கட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். பிள்ளைகள் படிப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பள்ளி வேனில் பைகள் எல்லாம் பின்சீட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடக்கும். நான் முதலில் செய்து அனுப்பிய கேக், தினமும் ரவையாகத்தான் போய்ச் சேர்ந்தது. கடையில் தொங்கும் பாக்கெட் தீனிக்குப் பிள்ளையைப் பழக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆகவே கேழ்வரகு மாவு, கருப்பட்டி, வறுத்த நிலக்கடலை, வெண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து, கனமாகத் தட்டி, ஓவனில் சுட்டெடுத்தேன். சுட்டதில் ஒன்றைச் சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து தரையில் போட்டுச் சோதிப்பேன். சிரிக்காதீர்கள்… நான்காவது முறைதான் உடையாமல் விழுந்தது. உடையாதது பல்லுக்கும் பணிய வேண்டும் அல்லவா? அதற்கு மேலும் இரண்டு முறை.

நஸ்ரின் அடுத்த தெருப் பிள்ளை. ஒரே வேன், ஒரே வகுப்பு. கயல் தன் பங்கில் பாதியை அவளுக்குக் கொடுக்கிறாள் என்று தெரிந்ததும், அவளுக்கென்று தனியாக நான்கு பிஸ்கட் அனுப்பத் தொடங்கினேன். யோசிக்காமல் அனுப்பவில்லை. நிலக்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவள் அம்மா சபீனாவிடம் முதலிலேயே போனில் கேட்டுக்கொண்டேன். டப்பாவில் கொடுத்தால், கழுவித் திருப்பி அனுப்பும் வேலை அவருக்குச் சேரும். அதனால்தான் தூக்கிப் போடக்கூடிய தாள். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு!

மூன்று வாரங்களில் அந்த நாகரிகம் பொட்டலமாகத் திரும்பி வந்துவிட்டது.

என்ன பிழை செய்தேன்? பிள்ளைக்கு வயிற்றில் ஏதும் கோளாறா? அல்லது, மதம் பார்க்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன். சனிக்கிழமை நேரிலேயே போனேன்.

"வாங்கக்கா, உக்காருங்க. செத்த நேரத்துல டீ போட்டுருவேன்" என்றார் சபீனா. கோபத்தின் சுவடே இல்லை. உள் அறைக் கதவுக்குப் பின்னால் நஸ்ரினின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"பிஸ்கட் பிள்ளைக்கு ஒத்துக்கலையா, சபீனா?"

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்ததுல பாதி நான்தான் தின்னேன்."

"பொறவு ஏன்…?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "டப்பாவுல குடுத்து விட்டிருந்தா, நானும் எதாச்சும் வச்சுத் திருப்பி விட்டிருப்பேன். வெறும் டப்பாவ யாராச்சும் குடுத்து விடுவாங்களா? நீங்க தூரப் போடுற தாள்ல சுத்தி விடுதிய. அதுல நான் எதை வச்சு அனுப்ப? தினம் எம் புள்ள கைநீட்டி வாங்கிக்கிட்டே இருக்கா. வேன்ல ஒரு புள்ள கேட்டிருக்கு, 'ஒங்க வீட்டுல ஒனக்குத் தீனியே குடுக்க மாட்டாவளா'ன்னு."

"உங்களுக்குக் கழுவுற வேலை வேண்டாமேன்னுதான்…"

"நல்லாச் சொன்னீங்க போங்க. எங்க வீட்டுக்காரர் கடைத்தெருவுல விக்கிறது என்ன? எவர்சில்வர் பாத்திரம். எனக்கு ஒரு டப்பா கழுவத் தெரியாதாக்கா?"

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் திரும்பி நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவியின் விளைவுகளை எடைபோடுவதாக நம்பிக்கொண்டிருப்பவள் நான். ஒவ்வாமை, சத்து, வேலைச்சுமை என்று எல்லாவற்றையும் கணக்கில் கொண்டேன். பெற்றுக்கொள்பவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டிலேயே பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். அந்த மரியாதை சபீனாவுக்கும் உரியது என்பதை எப்படி மறந்தேன்? எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், ஒருபக்கமாகவே போகும் கொடை எதிரில் இருப்பவரை மெல்ல மெல்லக் குறுக்கிவிடுகிறது. அந்தக் குறுகலைச் சுமந்தது, வேனில் உட்கார்ந்திருந்த ஓர் எட்டு வயதுப் பிள்ளை.

திங்கட்கிழமை, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஆறு பிஸ்கட் வைத்து அனுப்பினேன். மாலையில் டப்பா வரவில்லை. "நஸ்ரின் வாங்கிக்கிட்டா. ஆனா ஒண்ணும் பேசல" என்றாள் கயல். மறுநாள் மாலை வேன் வரும்வரை நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

டப்பா வந்தது — அனுப்பியதைவிடக் கனமாக. உள்ளே தம்ரூட். ரவையும் முட்டையும் நெய்யும் சீனியும் சேர்த்துக் கிளறி, பாத்திரத்தை மூடி, மூடியின்மேல் தணல் பரப்பிச் சுட்டெடுப்பார்களாம். ஓவன் இல்லை, என்னைப் போல ஆறு முறை சோதனையும் இல்லை. சாய்சதுரமாக வெட்டிய துண்டுகள். அந்த வேனில் வந்தும் ஒரு முனைகூட உதிரவில்லை.

"எம்மா, இதுல எனக்கு மூணு, ஒனக்கு மூணு. நஸ்ரின் மத்தியானம் எங்கிட்டதான் உக்காந்தா. அவதான் இப்பிடிப் பிரிச்சுச் சொன்னா."

பால் டம்ளரைக் கேட்காமலேயே காலி செய்தாள்.

இப்போது டப்பா என் வீட்டில் இருக்கிறது… ஓவனைச் சூடேற்ற வேண்டும்.