ஓடுவதற்கு வழியுள்ள இடம்

போன மாதம் கொழும்பில் மகன் வீட்டில் இருந்தபோது, அவனும் அவனோடு வேலை செய்கிறவர்களும் பெரிய வாக்குவாதத்தில் இருந்தார்கள். கால்பந்து இறுதியாட்டத்தை எந்த ஹோட்டலில் போய்ப் பார்ப்பது என்று. ஒருவனுக்குப் பெரிய திரை வேண்டும், இன்னொருவனுக்குக் கொத்து ரொட்டி நன்றாக இருக்க வேண்டும். "நீங்க சொல்லுங்கம்மா" என்றான் மகன், விளையாட்டாக. "பின்வாசல் இருக்கிற எடமாப் பாத்துப் போங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத காலம் நினைவில் வந்துவிட்டது. மலைநாட்டில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை, தோட்டத்து டீமில் கோல் கீப்பர். எனக்கு ஆட்டம் புரியாது. அவர் நிற்கிற பக்கம் பந்து வராவிட்டால் நல்ல ஆட்டம், அவ்வளவுதான் என் ஞானம்.

நாட்டில் தமிழர்களை அடித்த கலவரம் நடந்து ஓய்ந்திருந்த நேரம். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், எங்கள் லயத்துப் பக்கம் யாரும் வரவில்லை. ஆனாலும் டவுனுக்குப் போனவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவார்கள். அப்போது பார்த்து அட்டன் டவுனில் இறுதியாட்டம். எங்கள் தோட்டமும் டவுன் டீமும். டவுன் டீமில் முக்கால்வாசி சிங்களப் பையன்கள். பஸ்ஸுக்கு நின்றபோது எவனோ அவரிடம், பந்தைப் பிடித்தால் கை இருக்காது என்று சொல்லியிருக்கிறான். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"நானும் வர்றேங்க."

"பொம்பளைங்க யாரு அங்க வர்றா?"

"நான் வர்றேன்."

"அப்ப பாக்கியத்தையும் கூட்டிக்க. எடம் பாத்து நில்லுங்க. எதாச்சும் ஆச்சுன்னா என்னையத் தேடாதீங்க, ஓடிருங்க."

அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

பாக்கியம் அவருடைய தங்கை. லயத்தில் யாருக்கும் அடங்காத வாய். அன்றைக்கு அந்த வாயும் காய்ந்து கிடந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே போய் இடம் தேடினோம். ரயில் பாதை மேட்டிலிருந்து மைதானம் முழுக்கத் தெரிந்தது. ஆனால் இறங்க ஒரே ஒற்றையடிப் பாதை. கோயில் பக்கத்து மூலையில் எங்கள் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். "அங்க வேணாம் அண்ணி, கல்லு மொதல்ல அங்கதான் விழும்" என்றாள் பாக்கியம்.

மைதானத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. சுடச்சுடப் பாண் வாசனை. பேக்கரி ரொட்டியைத்தான் அங்கே பாண் என்போம். பாண் வாங்குகிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். கல்லாவில் இருந்த சிங்கள அக்காவுக்கு என் கண் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது.

"பின்னால கதவு இருக்கு, நங்கி. ஆத்துப் பக்கம் போகும்" என்றாள், உடைந்த தமிழில். "மேல வா. என் மல்லியும் வெளையாடுறான்."

நங்கி என்றால் தங்கச்சி, மல்லி என்றால் தம்பி. டவுன் டீமில். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். நம்பலாமா? நம்பாமல் எங்கே போவது?

மாடி ஜன்னலில் மூன்று பேரும் நின்றோம். ஆட்டம் முடிகிற தறுவாயில் பனிமூட்டம் இறங்கியது. பாதி மைதானம் மறைந்துவிட்டது. பந்து அவர் பக்கம் போனது தெரிந்தது, அந்த அக்காவின் தம்பி பாய்ந்தது தெரிந்தது. இருவரும் மோதினார்கள். அவர் எழவில்லை. நாலு பக்கமிருந்தும் கூட்டம் கத்திக்கொண்டு உள்ளே ஓடியது. அதற்கு மேல் வெறும் வெள்ளை, அதற்குள் கூச்சல்.

நான் படியில் இறங்கி ஓடினேன். அக்கா எனக்கு முன்னால் போய் முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குறுக்கே நின்றாள். "எபா, நங்கி, எபா." எபா என்றால் வேண்டாம். போகாதே என்கிறாளா, போக விடமாட்டேன் என்கிறாளா? பாக்கியம் பாண் வெட்டுகிற கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

கதவைத் தட்டினார்கள். "அக்கே" என்று ஒரு குரல். அவளுடைய தம்பிதான். திறந்தபோது அவனும் எங்கள் டீம் பையன் ஒருவனும் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். புருவம் கிழிந்து ரத்தம். எங்கள் டீம் பையன் அழுதுகொண்டிருந்தான். அக்கா மாவு மூட்டைத் துணியால் அவர் தலையைக் கட்டினாள். பாக்கியம் கத்தியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

பின்கதவு வழியாகத்தான் போனோம். முன்பக்கம் எங்கள் டீம் வந்த லாரியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி தேயிலை மலை தொடங்குகிற இடம்வரை கூட வந்தான்.

காயம் ஆறியது. அவர் மறுபடி கோலில் நிற்கவில்லை, நான் விடவில்லை. பேக்கரி கைமாறி, இடிந்து, இன்று அங்கே வேறு கட்டடம். பிறகு, அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற காலம் வந்தது. எங்கள் டீமில் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். பாக்கியமும் புருஷனோடு போனாள், கொஞ்ச காலம் கடிதம் வந்தது. தோட்டத்தில் பதினொரு பேர் சேராத நிலை வந்தது. எங்கள் மைதானத்தில் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்தது. கோல் கம்பங்கள் மட்டும் சில வருஷம் நின்றன. ஒரு மழைக் காலத்தில் யாரோ அவற்றையும் விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள்.