களைந்த அரிசி

எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் இப்போது வீட்டுக்கு வீடு காபிக் கடை. வாசலில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, அன்றைக்கு உள்ளே என்ன கிடைக்கும் என்று சாக்பீஸால் எழுதி வைக்கிறார்கள். அதில் காளான் ரிசோட்டோ என்று இருந்துவிட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கூட வந்தவர்கள் பாவம், என்ன ஆயிற்று என்று விழிப்பார்கள். அந்தச் சாப்பாட்டின் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. வெங்காயமும் காளானும் வெண்ணெயில் வதங்கி, அரிசி தன் பாலிலேயே குழைந்து வருகிற நல்ல சாப்பாடு அது. என் கோபமெல்லாம் என் அப்பாவின் மேல். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் படம் மாட்டியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் நான்தான் வாங்கிப் போடுகிறேன். பூ பூதான், கோபம் கோபம்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. உப்பளம் என்கிற பேட்டையில் இரண்டே அறை கொண்ட வீடு. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு ஒரு குடோனில் காவலுக்கு இருந்தார். அம்மா கடற்கரைப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியின் சமையல்கட்டில் வெங்காயம் உரிப்பாள், காய் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள். அந்த விடுதி ஒரு மதாமுக்குச் சொந்தம். மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை, நம் ஊர்க்காரர்தான். பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பியவர், வயதானவர். கோபம் வந்தால் பிரெஞ்சிலும் பசி வந்தால் தமிழிலும் பேசுவார் என்று அம்மா சொல்வாள்.

அங்கே இருந்த சமையற்காரர் வேறு ஊருக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன்னால் மதாம் அம்மாவைக் கூப்பிட்டு, இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, உனக்கு வருமா என்று கேட்டிருக்கிறார். வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ரிசோட்டோ செய்து காட்டு, மற்றதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றாராம். ஆனால் அந்தச் சமையற்காரர், கிளம்புகிற நாள் வரை தன் அடுப்புப் பக்கம் ஒரு ஈயைக்கூட விடமாட்டார். அதனால் எங்கள் வீட்டிலேயே செய்வது, மதாம் ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. குண்டு குண்டாக இருந்த அந்த வெளிநாட்டு அரிசியில் ஒரு டப்பா, ஒரு துண்டு சீஸ், ஒரு சின்னப் பாட்டிலில் வெள்ளை ஒயின் மூன்றையும் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த அரிசி அன்றைக்கு எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. ஒருமுறை சமைக்கத்தான் இருந்தது.

அம்மாவுக்கு அந்த அடுப்பு வேண்டும். அவள் எதையும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை, புடவையைக்கூட. வெங்காயம் உரிக்கிறவளாகப் போய், சமைக்கிறவளாகத் திரும்ப வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் வாய்க்குள் செய்முறையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வெங்காயம் சிவக்கக் கூடாது, காளானைத் தனியாக வதக்கி எடுக்க வேண்டும், காய் வேகவைத்த தண்ணீர் பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கரண்டி ஊற்றி அது வற்றிய பிறகே அடுத்த கரண்டி. எல்லாவற்றுக்கும் மேலே, அரிசியைக் கழுவவே கூடாது. அதன் மேல் இருக்கிற மாவுதான் கரைந்து பாலாக வரும். கழுவினால் எல்லாம் போச்சு.

இதை அத்தையிடம் சொன்னபோது அத்தை மூக்கில் விரல் வைத்துவிட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். களையாத அரிசியை உலையில் போடுகிற வீடு விளங்குமா என்று கேட்டார். மூட்டையில் எலி ஓடியிருக்கும், எத்தனை பேர் காலோ பட்டிருக்கும், அதை அப்படியே தின்பார்களா என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, இது டப்பாவில் வருகிற அரிசி அண்ணி, எலிக்கெல்லாம் எட்டாது என்றாள். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் காதுபடத்தான் இது அத்தனையும் நடந்தது. ஒருமுறை இல்லை, அந்த வாரத்தில் பலமுறை நடந்தது.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சமைக்கிறவ ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டுதான் வருவா. அதுவரைக்கும் நான் வாசல்ல உக்காந்து பாத்துனு இருக்கணுமா?”

எட்டரை மணிக்கெல்லாம் அனுப்பிவிடுவதாக மதாம் சொல்லியிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ஓகோ, எல்லாம் பேசி முடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டு அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மில்லில் சங்கு ஊதினால் கிளம்பி, சங்கு ஊதினால் திரும்பிய மனிதர். தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு சங்கு ஊதிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ. நான் அவருக்காகப் பரிதாபப்படப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி. அன்று கறி கிடையாது என்றதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மழை பெய்தால் குப்பைமேட்டில் முளைக்கிற நாய்க்குடையைக் காசு கொடுத்து வாங்கி வந்து, கறிக்குப் பதிலாக இதைத் தின்னு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அம்மா பெரிய மார்க்கெட்டில் வாங்கி வந்த காளானை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரிந்து வைத்தாள். அரிசியை ஒரு குண்டானில் அளந்து கொட்டி மூடினாள். பூனை வந்து சீஸைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள் என்று என்னை அடுப்படி வாசலில் உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். என் நினைவு தெரிந்து அவர் அடுப்படிக்குள் வந்ததே இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்துதான் கேட்பார். அம்மா குளிக்கப் போய்விட்டாளா என்று கேட்டார். தலையாட்டினேன். குண்டானைத் திறந்தார். குடத்திலிருந்து தண்ணீரைச் சாய்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அரிசியைக் களைய ஆரம்பித்தார். எனக்கு வாயெல்லாம் பல். அப்பா சமைக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லலாம்போல இருந்தது. ஆனாலும் அம்மா சொன்னது மனசில் இருந்ததால், கழுவக் கூடாது என்று அம்மா சொல்லிச்சே என்று கேட்டுப் பார்த்தேன்.

“வர்றவங்க வயித்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? உங்கம்மாவுக்கு ஒத்தாசைதான் பண்றேன். நீ பூனையப் பாரு” என்றார்.

நான் பூனையைப் பார்த்தேன். அவர் நிதானமாக மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தார். சும்மா அலசி ஊற்றவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கிக் கசக்கிக் களைந்தார். வெள்ளை வெளேரென்று வந்த கழுநீரைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கென்று வைத்திருந்த வாளியில் ஊற்றினார். கடைசியில் நல்ல தண்ணீரை ஊற்றி ஊறவும் வைத்துவிட்டு, முன்னறைக்குப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று தெரியாத மனிதருக்கு அரிசி களையும் பக்குவம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா தலையில் ஈரத் துண்டோடு வந்து குண்டானைத் திறந்தாள். தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்துப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, அப்பாதான் களைந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முன்னறைப் பக்கம் திரும்பினாள். பேப்பருக்குப் பின்னாலிருந்தே அப்பா சொன்னார்.

“கல்லு இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

கல்லாம். அந்த டப்பா அரிசியில் கல்லாம். அம்மா அரிசியை வடிகட்டினாள். கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் வெளுத்த வேட்டியை உருவி வந்து தரையில் விரித்து, அதன்மேல் அரிசியைப் பரப்பி, மின்விசிறியை வேகமாக வைத்தாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு பிடியாகப் புரட்டிக் காயவைத்துப் பார்த்தாள். அரிசி குடித்த தண்ணீர் எங்கே திரும்பி வரும்? மணி பன்னிரண்டை நெருங்கியதும் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

செய்யவேண்டியதில் அவள் ஒன்றையும் விடவில்லை. வெங்காயம் சிவக்காமல் கண்ணாடியாக வதங்கியது. அரிசியைக் கொட்டினாள். அது வெண்ணெயில் சலசலவென்று பொரிய வேண்டுமாம். எங்கள் அரிசி ஈரத்தில் புஸ்ஸென்று ஆவி விட்டுவிட்டு அடங்கிப் போனது. ஒயினை ஊற்றினாள். அத்தை கொல்லைக் கதவோரம் நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். கரண்டி கரண்டியாகக் கொதிநீர் விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தாள். கழுத்தில் வியர்வை ஓடியது. தட்டைச் சாய்த்தால் மெதுவாகப் பரவி நிற்க வேண்டிய சாப்பாடு அது. வந்ததோ நொய்க் கஞ்சி. தண்ணீர் ஒரு பக்கம், உடைந்த அரிசி ஒரு பக்கம். காளானைச் சேர்த்தாள், சீஸைத் துருவிப் போட்டாள். அது சேரவே இல்லை.

மதாம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அப்பா ஓடிப்போய்க் குடை பிடிக்காத குறைதான். பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். மதாம் தட்டை வாங்கி, ஸ்பூனால் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு ஸ்பூனைத் தூக்கியவர் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அரிசியைக் கழுவினாயா என்று அம்மாவைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி இருக்க, அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளியது.

“ஆமா மதாம். கைப்பழக்கம். என்னையும் அறியாம நான்தான் கழுவிட்டேன்.”

அப்பா அப்போது மதாமுக்காகக் கலர் பாட்டிலை உடைத்துக் கிளாஸில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு நுரை வழியாமல் ஊற்றி முடித்தார். மதாம் நல்லவர், அதட்டவில்லை. வெங்காயத்தின் பக்குவத்தைப் பாராட்டினார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“நான் அவ்வளவு சொன்னேனேம்மா. சொன்னத மறக்கிற கையில எப்படி நான் அடுப்பக் குடுக்கிறது?”

இவள் எப்போதுமே இப்படித்தான், மறதி ஜாஸ்தி என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வந்து என் அம்மாவின் விரலைப் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் பல வருஷம், மூட்டு வீங்கி எழுந்திருக்க முடியாமல் போகிறவரைக்கும், அந்தக் கை அந்த விடுதியில் வெங்காயம்தான் உரித்தது. வேறு வேறு ஆட்கள் வந்து சமைத்துவிட்டுப் போனார்கள்.

மதாம் கிளம்பியதும் அப்பாவுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. போய் எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வந்தார். அத்தையோ, என் தம்பி, பொண்டாட்டிக்காக அடுப்படியில் போய் அரிசி களைந்தானே, எந்த ஆம்பளை செய்வான் என்று தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கறிக்கோபம் எல்லாம் தீர்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். அம்மா பிரியாணியைத் தொடவில்லை. அந்தக் கஞ்சியைச் சட்டியோடு வைத்துக்கொண்டு, மீதம் வைக்காமல் தின்று முடித்தாள்.

பிறகு கொல்லைக் குழாயடியில் அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். முதுகில் கிள்ளிய இடம் இன்னும் எரிந்தது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அப்பா கழுவினார் என்று சொன்னால் என்ன, ஏன் நீ கழுவியதாகப் பொய் சொன்னாய் என்று சண்டைக்குப் போனேன். அவள் தேய்க்கிற கையை நிறுத்தாமல் சொன்னாள்.

“அவர்தான் கழுவினார்னு சொன்னா, ஏன் கழுவினார்னு கேப்பாங்க. அதுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?”

இதுவும் ஒரு கேள்வியா? அரிசியை எதற்குக் கழுவுவார்கள், அழுக்குப் போவதற்குத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும். இதற்குக்கூடவா பதில் தெரியவில்லை இவளுக்கு என்று, அன்று சாயங்காலம் முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.