மாறி என்றார் ஞானதாஸ் சார்

1. முதல் சத்தம்

ஓடாத எஞ்சினைக் கண்டு எனக்குப் பயமில்லை. எங்கே நோகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஓடிக்கொண்டே இருமுகிற எஞ்சின்தான் மனதை அரிக்கும். காரோடு என்ற ஊரில் ஞானதாஸ் சார் வீட்டு ஷெட்டில் அந்த ஜப்பான் கார் முதல்முறை ஸ்டார்ட் ஆனபோது அப்படித்தான் இருமியது. ஆறு சிலிண்டர். முன்னால் மூன்றும் தும்மின, பின்னால் மூன்றும் கறுத்த புகையைத் துப்பின. தகரக் கூரை அதிர்ந்தது. மரத்திலிருந்த காக்கைகள் ஒன்றாக எழும்பிக் கடல் பக்கம் போயின.

சார் ஷெட் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் வாயிலிருந்து முனகல் தவிர எதுவும் வந்ததில்லை. அந்த இருமலைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. இடது கை நாற்காலியின் கைப்பிடியை அடித்தது. உதடு கோணி, நரம்பு புடைத்து, ஒரு சொல் வந்தது.

"மாறி."

நான் எஞ்சினை அணைத்தேன். அவர் மறுபடியும் சொன்னார். "மாறி... மாறி."

அடுக்களையிலிருந்து ஷீலா டீச்சர் ஓடி வந்தார். சாரின் மனைவி. கையில் தேங்காய் துருவிய வெள்ளை அப்படியே இருந்தது.

"கேட்டியா செல்வா? மாறின்னு பறஞ்சாரு! கர்த்தாவே, மாறின்னு பறஞ்சாரு!"

அங்கேயே தரையில் முழங்கால் போட்டு அழுதார்.

எங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் குடியிருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டால் 'பனி மாறி' என்போம். மாறி என்றால் குணமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டீச்சர் அவர் காதோடு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே சொல்தான்: "மாறும், எல்லாம் மாறும் கேட்டோ." அதற்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

சாரின் கண்ணில் மட்டும் சந்தோஷம் இல்லை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. போனட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2. வெட்கம் கூடின சாதனம்

இந்த வேலைக்குள் நான் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பாறசாலையில் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன் நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், மஸ்கட் என்று கை போன இடமெல்லாம் காலும் போயிற்று. ஒரு வண்டி ஓடத் தொடங்கினால் அதற்கும் எனக்குமான பேச்சு தீர்ந்தது போலிருக்கும், அடுத்ததைத் தேடுவேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தது இந்த ஒரு கார்தான்.

ஞானதாஸ் சார் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டக்காரரின் கொட்டகையில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கும் ஆசிட் வாடைக்கும் நடுவே கிடந்த காரை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே சீட்டு. நீண்ட மூக்கு, சரிந்த முதுகு. சிங்கப்பூரிலிருந்து எந்தக் காலத்திலோ வந்த வண்டி. ஃப்ளோர் முழுவதும் துரு, வயரிங் முழுவதும் எலிக்கு இரை. பார்த்தவர்கள் எல்லோரும் பழைய இரும்பு வாங்கும் ஆக்கருக்குப் போடச் சொன்னார்கள்.

அவர் போடவில்லை. வீட்டு ஷெட்டிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெல்டிங்குக்கும், கிரேனில் எஞ்சின் தூக்குவதற்கும், இரண்டு கை போதாத இடங்களுக்கும் என்னைக் கூப்பிடுவார். பிஸ்டன் ரிங் போடும்போது நான் கொஞ்சம் அவசரப்பட்டேன்.

"எலே செல்வா, கப்பலுக்க எஞ்சின் நாம என்ன செய்தாலும் பொறுக்கும். இது வெட்கம் கூடின சாதனமாக்கும். பைய தொடணும்."

"சாரே, இது பைய தொட்டா அடுத்த ஈஸ்டருக்கும் தீராது."

"தீராண்டாம் மக்கா. தீந்தா பின்ன நான் என்னத்த செய்ய?"

பெயின்ட் முடிந்து, எஞ்சின் ஏறி, பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடும் கார்புரேட்டர், முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று என இரண்டும் மட்டும் பாக்கி இருந்த நேரம். அவற்றையும் கழற்றி, பெட்ரோலில் கழுவி, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துப் பரப்பி வைத்திருந்தார். மறுநாள் காலை குளிக்கப் போன இடத்தில் வாதம் வந்து விழுந்தார்.

பிறகு டீச்சர் போன் செய்தார். "நீ வந்து முடி செல்வா. அவரு அந்தச் சத்தத்தக் கேட்டா போதும்."

ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு மூடியிருந்த கார்புரேட்டர் சாமான்களை எடுத்துக் கொடுத்தார். நான் கோர்த்து மாட்டினேன். அப்படி மாட்டிய எஞ்சின்தான் இருமியது.

3. எல்லாவற்றையும் மாற்றினேன்

அன்றைக்கே செய்தி சபை முழுவதும் பரவியது. வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு டீச்சர் வீடியோ காலில் சாரின் முகத்தைக் காட்டினார். "அப்பா, ஒருக்கா கூட பறயுங்கோ, மாறின்னு," என்று மகளும் கெஞ்சினாள். சார் முகத்தைச் சுவருக்குத் திருப்பினார். கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்லிவிட்டுப் போனாள்: "வந்த சொல்ல விடப்பிடாது ஆன்ட்டி. இப்பம் அவரு பேசணும்னு நெனைக்கணும். சொல்லி என்ன பிரயோசனம்னு தோணிட்டா, பின்ன கஷ்டமாக்கும்."

அது என்னை உலுக்கியது. இந்தக் கார் புகை தள்ளினால் தள்ளட்டும். அதை இன்னொரு நாள் பார்க்கலாம். சாரின் வாய் மூடிக்கொண்டால்?

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் குணமானதைச் சொல்லவில்லை. மாற்றச் சொல்கிறார். ஏதோ ஒரு சாமான் பழுது, மாற்று என்கிறார். நான் மெக்கானிக் அல்லவா, எனக்கு அப்படித்தானே கேட்கும்! ஆறு ப்ளக்கையும் மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன். காயில் மாற்றினேன். ஒவ்வொன்றையும் அவர் முன்னால் தூக்கிக் காட்டி, "இதா சாரே? இத மாத்தவா?" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஸ்டார்ட் செய்தால் அதே இருமல். முன்னால் தும்மல், பின்னால் கரி.

ஸ்கூட்டரில் மீன் விற்க வரும் தங்கையன் தினமும் கேட்டில் நின்று ஹாரன் அடிப்பார்.

"என்ன மேஸ்திரி, ஜப்பான் இன்னும் சரணடையல்லியா?"

"நீரு உம்ம சாளைய வித்திட்டு போவும் ஓய்."

"எனக்க ஸ்கூட்டரும் புகை தள்ளத்தான் செய்யுது. அதுக்கு நான் கூடாரம் கட்டி ஆராதனையா நடத்துதேன்?"

சார் முன்பெல்லாம் தங்கையனோடு சரிக்குச் சரி வாயடிப்பார். இப்போது அந்தக் குரல் கேட்டும் திரும்பவில்லை. தங்கையனின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு நெய்மீன் துண்டை இலையில் பொதிந்து, விலை பேசாமல் டீச்சரிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

4. செருப்பு

ஞாயிறு மாலை சாருக்காக வீட்டில் ஜெபக்கூட்டம். முன்னறை நிறைய ஆட்கள். நான் ஷெட்டில் இருந்தேன். ஏர் கிளீனரைக் கழற்றி, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்டேன். இரண்டும் ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். ஐட்லிங்கில், சும்மா ஓடும்போது, ஒன்றாக இழுத்தன. ரேஸ் கொடுத்தால் பிரிந்தன; ஒன்று மூச்சு முட்டியது, மற்றது வாயைத் திறந்து விழுங்கியது.

கூட்டம் முடிந்து ஆட்கள் படியிறங்கினார்கள். செருப்புக் குவியலுக்கு முன்னால் தங்கையனின் சத்தம்.

"எனக்க செருப்பு மாறிப்போச்சு! டீச்சரே, இது எனக்குள்ளது இல்ல. யாரோ இட்டோண்டு போயாச்சு."

"ரண்டும் ஒரே கறுப்புதானே ஓய், போட்டிட்டு போவும்," என்றார் இன்னொருவர்.

"கறுப்பெல்லாம் ஒண்ணுதான். காலு ஒண்ணில்லியே! கேறமாட்டேங்குது."

குழாய் என் காதிலிருந்து நழுவியது.

மாறிப்போச்சு. குணமாவதுமில்லை, புதுசு போடுவதுமில்லை. மூன்றாவதாக ஒரு மாறி இருக்கிறது. அது இரண்டு பாஷைக்கும் பொது. கல்யாண வீட்டிலும் சபை வாசலிலும் நாங்கள் அன்றாடம் சொல்வது. இதனுடைய இடத்தில் அது, அதனுடைய இடத்தில் இது.

இளையவர்களுக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த வகைக் கார்புரேட்டரில் மேலே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு டோம், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். ஃபேக்டரியிலேயே ஒன்றுக்கொன்று பொருத்தி அனுப்புவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் டோமில் போட்டால் மயிரிழை வித்தியாசத்தில் உரசும், அல்லது காற்றைக் கசியவிடும். பழைய டாக்சிக் கார்களில் இந்த வகையை நான் எத்தனையோ கழற்றியிருக்கிறேன். அவற்றுக்கு ஒரே கார்புரேட்டர். மாறிப்போக அங்கே இன்னொன்று கிடையாது.

இரண்டு டோமையும் பிஸ்டனோடு கழற்றினேன். சுத்தமான துணியில் வைத்து, அப்படியே முன்னறைக்குக் கொண்டுபோய்ச் சாரின் மடியில் விரித்தேன்.

"சாரே. மாறிப்போச்சா? முன்னுக்கும் பின்னுக்கும் மாறியாச்சா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வார்த்தை போதாது. வெகுநேரம் தட்டிய கதவு உள்ளிருந்து திறந்ததைக் கண்டவர் போலிருந்தார்.

"மாறி," என்றார். பிறகு மூச்சை இழுத்து, "போ... ச்சு."

நான் டோமைப் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கையால் ஒரு பிஸ்டனை எடுத்தார். உள்ளே நுழைத்தார், விரலால் தள்ளி, விட்டார். சரசரவென்று உரசிப் பாதியில் நின்றது. அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். தள்ளினார், விட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கி அடியில் தொட்டது: டக். வாயில் எச்சில் வழிய, தலையை ஆட்டினார். அடுத்த ஜோடியையும் அவரே போட்டார். டக்.

பின்னால் டீச்சர் நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அப்பம் அன்னைக்கு மாறின்னு பறஞ்சது... தீனம் மாறினத இல்லியா?"

நான் இரண்டு டோமையும் அவரிடம் காட்டினேன்.

"நானாக்கும் செல்வா. ஆம்புலன்சு வந்தப்பம் ஆளுக ஒக்க கேறி வந்தாவ. இருக்க எடமில்ல. மேசையில கெடந்தத ஒக்க வாரி நானாக்கும் பாத்திரத்தில மாத்தி வெச்சது." 'மாற்றி வைப்பது' என்றால் டீச்சரின் மலையாளத்தில் ஒதுக்கி வைப்பது, வேறொன்றுமில்லை. "எனக்கு அறியூல்லியே. சாமான்தானேன்னு..."

சார் இடது கையை நீட்டினார். எண்ணெய்க் கை. டீச்சரின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். வெள்ளைச் சேலையில் ஐந்து விரலும் பதிந்தன. தங்கையன் எவனுடைய செருப்பையோ கையில் பிடித்தபடி வாசலில் நின்று, பார்க்காதது போல வெளியே பார்த்தார்.

5. பள்ளி மைதானம் வரை

மறுநாள் அந்த எஞ்சின் இருமவில்லை. ஆறும் ஒரே தொண்டையாகப் பாடின என்று சொன்னால் மிகை என்பீர்கள். போனட்டில் ஒரு கிளாஸ் கட்டன்சாயா வைத்தேன், தளும்பவில்லை. அது போதும்.

சாரை ஓட்டவைக்க முடியாது. இடப்பக்கச் சீட்டில் அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். நான் ஓட்டுவதாக இருந்தது. சார் தலையை ஆட்டி மறுத்து, டீச்சரைக் காட்டினார்.

"அய்யோ, நானா? நான் ஓட்டுதது கியர் இல்லாத சின்ன வண்டியாக்கும்!"

ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முந்தானையை இடுப்பில் சொருகினார். வீட்டு வழியிலிருந்து பள்ளி மைதானம் வரை, தென்னைகளுக்கு நடுவே அந்த நீண்ட மூக்கு மெல்ல நகர்ந்தது. நான் பக்கத்தில் நடந்தே போனேன்; அவ்வளவு வேகம்தான். செகண்ட் கியருக்குப் போகும் இடத்தில் டீச்சர் மிதிக்க மறந்து லீவரைத் தள்ளினார். கியர்பாக்ஸ் அலறியது.

"கிளச்சு!" என்று கத்தினார் சார்.

கோணல் இல்லாமல், திக்காமல், கப்பல் எஞ்சின் அறையில் எத்தனை பேரை விரட்டியிருப்பாரோ அந்தக் குரலில்.

"கிளச்சு! கிளச்சு!"

"அறியாம், எனக்கு தெரியும்! கூக்குரலிடாண்டாம்!" என்று டீச்சரும் திருப்பிக் கத்தினார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. இரண்டு பேரும் உள்ளே இருந்துகொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரே சொல்தான் இருந்தது. அதை வைத்தே எல்லாவற்றையும் திட்டினார்.

இரட்டைக் கார்புரேட்டரைக் கழற்றும்போது முன்னுக்கு ஒரு புள்ளி, பின்னுக்கு இரண்டு புள்ளி என்று பஞ்ச் அடித்து வையுங்கள். அது கைக்கான பாடம். காதுக்கான பாடத்தை நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். வண்டிக்காரர் ஒரு சொல்லைச் சொன்னால் உடனே ஸ்பானரைத் தூக்குகிறவன் நான். இப்போது கொஞ்சம் நின்று, 'எதைச் சொல்லுதிய?' என்று கேட்கிறேன். வேலைக்கு நேரம் கூடுதலாகிறது. கேட்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்தால், அந்த நேரம் எங்கேயும் வீணாகப் போகவில்லை என்று தெரிகிறது.